வட சென்னை: எண்ணிக்கையும் எல்லைக்கோடும்



தேர்தல் வந்துவிட்டால் வட சென்னையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எந்தக் கட்சிக்கு எத்தனை விழுக்காடு, எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு என்று கணக்குப் போடுகிறார்கள். இந்த நினைவுரையில் நாம் கேட்பது வேறொரு கணக்கு. நகரத்தின் வடபகுதியை உழைத்துக் கட்டிய ஒடுக்கப்பட்ட மக்களுக்கு, அந்தப் பகுதியின் பெயரால் டெல்லியில் ஒலிக்கும் குரலில் என்ன இடம் கிடைத்தது?

இன்றைய வட சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். 2024 தேர்தலின்போது வாக்காளர்கள் சுமார் 15 லட்சம் பேர் இருந்தார்கள். காசிமேட்டு மீனவர்கள், துறைமுகத்தையும் ரயில்வே பணிமனைகளையும் நம்பி வந்தவர்கள், தெலுங்கு பேசும் தூய்மைப் பணியாளர்கள், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள், இஸ்லாமியர், ஆங்கிலோ இந்தியர், நாடார் வணிகர்கள் என்று பலரும் வாழும் நிலம் இது. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் தலைமுறைகளாகத் தலித் மக்கள் வாழ்கிறார்கள். 2024 தேர்தலில் தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் சுமார் 54 விழுக்காட்டினரே வாக்களித்தார்கள். வட சென்னையில் 60 விழுக்காட்டினர். வாக்குச்சாவடிக்கு வருவதில் இந்த மக்கள் பின்தங்கியவர்கள் அல்லர்.

இந்தத் தொகுதியின் அரசியலைப் பெரம்பூரில் இருந்து தொடங்க வேண்டும். 1918 ஏப்ரலில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைக் கொண்டாடுகிறோம். மூன்றே ஆண்டுகளில், 1921இல், அதே ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றார்கள். கையிருப்பு ஏதுமில்லாத குடும்பத்துக்குப் பல மாத வேலைநிறுத்தம் என்பது பட்டினி. புளியந்தோப்பில் மோதல் வெடித்தது; குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆதி திராவிடர்களை நகருக்கு வெளியே குடியமர்த்த வேண்டும் என்ற கோரிக்கையும் அப்போது எழுந்தது. அவர்கள் பக்கம் நின்ற எம்.சி. ராஜா 1923இல் நீதிக்கட்சியை விட்டு விலகினார்.

தொழிலாளி என்ற பொதுப் பெயருக்குள் சேரி அடங்கவில்லை என்பதை 1921 காட்டியது. தேர்தல் வரலாற்றிலும் அந்தக் கோடு தொடர்கிறது. 1957இல் வட சென்னை தேர்ந்தெடுத்தவர் அதே தொழிலாளர் சங்கத்தின் தலைவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவருமான எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. தொழிலாளர் வர்க்கத்துக்கு அது பெரிய வெற்றி. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தலித் தலைவர்கள் டெல்லிக்குப் போன வழிகளைப் பாருங்கள். எம்.சி. ராஜா மத்திய சட்டசபைக்கு நியமனத்தால் போனார். சென்னை மாநகர மேயராக இருந்த என். சிவராஜ் 1957இல் செங்கல்பட்டிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். பெரம்பூரில் மூன்று முறை சட்டமன்றத் தேர்தலில் வென்ற சத்தியவாணி முத்து, தி.மு.க.வை விட்டு 1974இல் வெளியேறித் தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் கட்சி கண்டவர். அவர் 1979இல் ஒன்றிய அமைச்சரானபோது மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். மூவரில் ஒருவருக்கும் வட சென்னை மக்களவைத் தொகுதி வாசலாக அமையவில்லை.

வட சென்னை ஒருபோதும் தனித்தொகுதியாக இருந்ததில்லை. பட்டியல் சாதியினரின் விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமுள்ள இடங்களில், மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளுக்கும் பரவும் வகையில், தனித்தொகுதிகள் அமைய வேண்டும் என்கிறது சட்டம். 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 17 விழுக்காடு. மாநில அளவில் 20. இந்தச் சராசரிக்குள் புளியந்தோப்பின் அடர்த்தி காணாமல் போகிறது. 2008 தொகுதிச் சீரமைப்பில் பக்கத்துத் திருவள்ளூர் தனி மக்களவைத் தொகுதியானது. வட சென்னைக்குள் பெரம்பூர் பொதுத்தொகுதியாக மாறி, திரு.வி.க. நகர் தனித்தொகுதியானது. 1921 வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கத்தின் பக்கம் நின்றவர் திரு.வி.க. இன்று அவர் பெயரைத் தாங்கிய தொகுதிதான் இந்த ஆறில் நமக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது.

எல்லைக்கோடு ஒருபுறம் என்றால், மக்களையே இடம்பெயர்ப்பது மறுபுறம். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் 2000 முதல் கண்ணகி நகருக்கும் பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. இரண்டும் சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதியில், அதாவது தென் சென்னையில், இருக்கின்றன. வீட்டோடு வேலை போனது, பள்ளி போனது. வாக்கும் போனது: பழைய முகவரியில் பெயர் நீங்கும், புதிய முகவரியில் சேர நாளாகும். பல பத்தாண்டுகளாக ஒரே தெருவில் சேர்ந்திருந்த அரசியல் பலம், அடுக்குமாடிகளில் ஒருவரையொருவர் அறியாத குடும்பங்களாகச் சிதறியது. 1921இல் கோரிக்கையாக எழுந்த ஒன்று இன்று வீட்டுவசதித் திட்டம் என்ற பெயரில் நடக்கிறது என்று நாம் சொன்னால், அதை மிகை என்று ஒதுக்கிவிட முடியாது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன் பின்னே தொகுதிச் சீரமைப்பும் வரவிருக்கின்றன. மாவட்டச் சராசரியை ஏற்றுக்கொண்டு நாம் பேசாமல் இருந்தால், கோடு மறுபடியும் நம்மைக் கேட்காமல் வரையப்படும். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் வட்டவாரியான எண்ணிக்கையைத் தொகுக்க வேண்டும். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வேலை செய்யும் தோழர்கள் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்க வேண்டும். சீரமைப்பு ஆணையம் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும்போது, அந்தக் கணக்கோடு நாம் அதன் முன் நிற்க வேண்டும். புளியந்தோப்பில் உயிர் விட்டவர்களின் நினைவுக்கு இந்த வேலையே தக்க அஞ்சலி.