சீரியா என்னும் இரும்புக் கப்பல்

திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தை வாசிக்குந்தோறும் ஓர் எண் என் கண்ணை நிறுத்துகிறது. புனித பவுல் கைதியாக ஏறிச்சென்ற கப்பலில் இருந்தோர் 276 பேர். மால்டா தீவின் கரையருகே கப்பல் உடைந்தது. ஆயினும் ஓர் உயிரும் மாளவில்லை. மாலுமிகள் படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிவிட முயன்றதையும், பவுல் அதைத் தடுத்ததையும் புனித லூக்கா மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

பவுல் அடியார் திருமுழுக்குப் பெற்ற நாட்டின் பெயரையே தாங்கிய கப்பல் ஒன்று 1884-இல் பிஜித் தீவுகளின் பவளப்பாறையில் உடைந்தது. அதன் கதை வேறு விதமாக முடிந்தது.

'சீரியா' 1868-இல் கட்டப்பட்ட இரும்புப் பாய்மரக் கப்பல். நீளம் ஏறத்தாழ 207 அடி. அகலம் 34 அடி. கொள்ளளவு ஆயிரம் டன்னுக்குச் சற்று மிகுதி. இலண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் நோர்ஸ் என்பவரின் கப்பல் அணியைச் சேர்ந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு நீராவிக் கப்பல்கள் பெருகிய காலத்திலும் நோர்ஸ் பாய்மரத்தையே நம்பியிருந்தார். நிலக்கரிக்குக் காசு வேண்டும், காற்றுக்கு வேண்டாம் அல்லவா? ஐரோப்பாவிலிருந்து சரக்கேற்றி இந்தியா வருவது; இங்கிருந்து கூலியாட்களை ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்வது; அங்கிருந்து சர்க்கரையோடு ஊர் திரும்புவது. இதுவே அவருடைய கப்பல்களின் பிழைப்பு. சரக்கு நின்ற அறையிலேயே மனிதரும் படுத்தனர்.

பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை 1834-இல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முறை இது. ஐந்தாண்டு ஒப்பந்தம். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் மக்கள் வாயில் 'கிர்மித்' ஆயிற்று. பிஜிக்கு மட்டும் 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜிக்கு ஆள் ஏற்றத் தொடங்கியது 1903-இல்தான். எனவே சீரியாவில் சென்றோர் பெரும்பாலும் வடஇந்தியக் கிராமத்தினர். அதனால் இது நமக்கு அயலார் கதை ஆகிவிடாது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் நம்மவரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நாட்டாலுக்குப் புறப்பட்டது. நாவலூரிலிருந்து சிறிது தொலைவில் உள்ள கோவளத்துக் கரையில் நின்று பார்த்தால் தெரிவதும் அவர்கள் கடந்த கடல்தான்.

1884 மார்ச் 13 அன்று 497 பயணிகளோடு சீரியா கல்கத்தாவை விட்டகன்றது. கப்பலோட்டியவர்களில் பெரும்பகுதியினர் லஸ்கர்கள், அதாவது இந்திய மாலுமிகள். ஐம்பத்தொன்பதாம் நாள், மே 11, ஞாயிற்றுக்கிழமை. இரவு எட்டரை மணியளவில், விட்டிலெவுத் தீவின் தென்கிழக்கே நசிலை என்னும் பவளத்திட்டில் கப்பல் மோதியது. கப்பல் இருக்கும் இடத்தைத் தலைவர் தவறாகக் கணித்ததே காரணம். கரை தொலைவிலில்லை, ஆனால் இடையே நுரைத்தெழும் அலை. படகுகள் ஒன்றொழிய யாவும் நொறுங்கின. அந்த ஒற்றைப் படகு உதவி தேடி லெவுக்கா நகருக்குச் சென்றது. ஏறத்தாழ ஐந்நூறு பேர் பாறைமீது சாய்ந்த இரும்புக் கூட்டுக்குள் காத்திருந்தனர். இரும்பு மரத்தைவிட உறுதியானது என்பது துறைமுகத்தில் மெய். பவளப்பாறையின்மேல் அலை ஓயாமல் தூக்கி அடிக்கும்போது மெய்யன்று.

சூவாவுக்குச் செய்தி எட்டி மீட்புப் படகுகள் வந்து சேர்ந்தது மே 13-இல். தலைமை தாங்கிய மருத்துவர் வில்லியம் மெக்கிரகர் அங்கு அரசின் உயர் அலுவலர். தாமே அலைகளில் இறங்கி மனிதரைச் சுமந்தார். பிற்காலத்தில் அவருக்கு ஆல்பர்ட் பதக்கம் கிடைத்தது. பிஜித் தீவினரும் தோணிகளோடு வந்தனர். மொழி தெரியாத, முன்பின் கண்டிராத மக்களை அவர்கள் தம் ஊருக்கு அழைத்துச் சென்றதை எண்ணும்போது, நனைந்து நடுங்கியோருக்குத் தீ மூட்டிய மால்டா மக்களே நினைவில் எழுகின்றனர்.

மாண்டோர் 59 பேர்: பயணிகள் 56, லஸ்கர்கள் 3. கப்பலேறிய ஒவ்வொரு கூலிக்கும் ஒரு சீட்டு இருந்தது. பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு யாவும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பங்கின் இறப்புப் பதிவேட்டில் பெயர் எழுதிப் பழகிய கைக்கு இந்தச் சீட்டுகளைப் பற்றி எண்ணாதிருக்க முடிவதில்லை. ஓடிப்போனால் அடையாளம் காண்பதற்காக எழுதப்பட்ட தழும்பு, அவர்களில் பலருக்கு உலகில் எஞ்சிய ஒரே வாழ்க்கைக் குறிப்பாகி நிற்கிறது.

தப்பியவர்கள் கரை சேர்ந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். கல்கத்தாவில் செய்த ஒப்பந்தம் செல்லுபடியாகவே இருந்தது. ஐந்தாண்டில் ஒருநாளும் குறைக்கப்படவில்லை.