கட்டு போகிற தூரம்

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். வழக்கைத் தீர்ப்பது ஜட்ஜ் என்றாலும், அதை ஊரிலிருந்து அவர் மேசைவரை கொண்டுசேர்ப்பது வேறு கைகள். தாவாவில் ஒட்டிய கட்டண வில்லையைச் சரிபார்த்து, துளைபோட்டு ரத்து செய்த பிறகுதான் அதற்கு நம்பர் விழும். சம்மனோடு அமீனா எங்கள் ஊரான கல்லலுக்கு வருவார். ஆள் அகப்படாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்கிப்போவார். நில ஜப்திக்குத் தண்டோரா உண்டு. வழக்குக் கட்டில் ஒரு தாள் விட்டுப்போனாலும் வாய்தாதான்.

அப்படி ஒரு கட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்கள் சிவகங்கைச் சீமையிலேயே கதை இருக்கிறது. 1801-ல் கம்பெனியார் ஜமீன்தாராக்கிய கௌரி வல்லப உடையணத் தேவர் 1829-ல் ஆண் வாரிசின்றி இறந்தார். ஜமீன் அவருடைய அண்ணன் வழிக்குப் போயிற்று. விதவை அங்கமுத்து நாச்சியார் வழக்காடியே காலமானார். அதற்குப் பிறகு ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. மதராஸ் மேல்கோர்ட்டான சதர் அதாலத் கைவிட்டதும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போனார். சூயஸ் கால்வாய் திறக்காத காலம் அது. ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கடல்கடந்து அனுப்ப வேண்டும். செலவுக்கு ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் துணைநின்றார். 1863-ல் நாச்சியார் பக்கம் தீர்ப்பானது: ஜமீன் அவர் தகப்பனாரின் சுயசம்பாத்தியம், அண்ணன் வழிக்கு அதில் உரிமையில்லை. பணமும் பிடிவாதமும் இருந்ததால் அவர் ஜெயித்தார். அவை இல்லாதவர்கள் கீழ்க்கோர்ட்டோடு நின்றுபோனார்கள். அவர்கள் பெயர் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

1862-ல் சென்னை உயர்நீதிமன்றம் வந்தது. 1873-ஆம் வருஷச் சட்டம் முன்சீப், சப், ஜில்லா கோர்ட் என்று படிகளை வரிசைப்படுத்தியது. ஆனாலும் ஹைகோர்ட் என்றால் எங்களுக்கு ராத்திரி ரயிலும் சென்னையில் தங்குகிற செலவும்தான். ஒரு ரிட் மனுவுக்கு அஞ்சியே உரிமையை விட்ட கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹைகோர்ட் கிளைகளைப் பற்றி ஆராய்ந்த ஜஸ்வந்த் சிங் கமிஷன் மதுரைக்கு ஒரு கிளை வேண்டும் என்று 1985-லேயே சொல்லிவிட்டது. அது திறந்தது 2004 ஜூலை 24-ல். வக்கீல்கள் விடாமல் போராடியிராவிட்டால் அதுவும் கிடைத்திராது. இப்போது காலையில் கல்லலில் கிளம்பினால் கிளை இருக்கிற ஒத்தக்கடையில் மனுவைப் போட்டுவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

மிச்சமிருப்பது டெல்லி. சுப்ரீம் கோர்ட் வேறு ஊரிலும் அமர அரசியல் சட்டத்தின் 130-வது பிரிவு இடம் கொடுக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி தீர்மானித்தால் போதும். சென்னையில் அது அமர வேண்டும்.