ஏரிக்கரையும் நீர்கட்டியும்

வேடந்தாங்கல் என்றதும் பறவைகளே நம் நினைவுக்கு வருகின்றன. அப்பறவைகளை அங்கே நிறுத்தி வைத்திருப்பது ஒரு மண் கரை என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பெரியபாளையம் வட்டாரமும் அவ்வூரும் 1997 வரை ஒரே மாவட்டத்தில் இருந்தவை. இரண்டும் மழைநீரை ஏரியில் தேக்கிப் பயிர் செய்யும் தொண்டை நாட்டுப் பகுதிகளாகும்.

ஏரியின் அமைப்பு எளிது. தாழ்ந்த பக்கத்தில் மண் கரை, அலை அரிக்காதிருக்க உட்புறத்தில் கல், பாசனத்திற்கு மதகு, மிகுநீர் வழியக் கலங்கல். நீர் நின்றதும் கெண்டையும் கெளுத்தியும் விராலும் பெருகுகின்றன. நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கரைந்த நீர் வயலுக்கு உரமாகிறது. ஆதலால், பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்கள்மீது ஊரார் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் கவுல் பெற்றனர். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2022இல் வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

பறவைகளுக்குக் கவுல் புதுப்பிக்கப்பட்ட அதே 1858இல்தான் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டமும் வந்தது. கரை உடையும் ஆபத்து நேரின், அக்கம்பக்கத்து உழைப்பாளி வகுப்பு ஆடவரைக் கட்டாயமாக அழைக்கலாம் என்றது அச்சட்டம். உழைப்பாளி வகுப்பார் யாவர் என்பதை நம் இளைஞர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரையைக் காத்து மதகைத் திறந்து மூடும் நீர்கட்டி வேலையும் பல ஊர்களில் நம்மவரிடமே இருந்தது. ஆயினும் அந்நீர் பாய்ந்த நிலம் நம்முடையதன்று. செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலைபற்றி அறிக்கை எழுதிய பின்னரே, 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுவே.

என் பாட்டனாரும் நீர்கட்டியே. மழை இரவுகளில் அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகக் கரையில் நடப்பார். நண்டு வளையில் நீர் கசிந்தால் வைக்கோலும் களிமண்ணும் திணித்து மிதிப்பார். அறுவடைக் களத்தில் அளக்கும் நெல்லே அவருக்குக் கூலி. 1970களின் இறுதியில், சிறுவனாகிய நானும் அவருடன் செல்வதுண்டு. கோடையில் மீன் பிடிக்கும் நாளன்று, ஊரார் கரையேறிய பின்னரே எங்கள் தெருவார் ஏரியில் இறங்கலாம். அதற்குள் விரால் அனைத்தும் போய்விடும். சேற்றில் புதைந்த கெளுத்தியே எங்கள் பங்கு. அன்று விடியலில் மதகைத் திறந்து, எஞ்சிய நீரை வடித்து விட்டவர் என் பாட்டனார்.