ஆரிஸ் கிணற்றில் விழுந்த மோதிரமும் நம் கைப்பேசியின் சாவியும்



அடி அண்ணாமலையில் நாம் வசிக்கும் வீடு கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ளது. பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் பாதை முழுவதும் மக்கள் வெள்ளம் நிறைந்திருக்கும். கைப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பதே அரிதாகிவிடும். அப்படியொரு பௌர்ணமியன்று மாலை, மர்ஹூமாகிவிட்ட நம் உஸ்தாதின் மகன் தந்தையின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். உஸ்தாத் தம் கடைசி ஆண்டுகளில் நடத்திய தஜ்வீத் பாடங்கள் முழுவதும் அதில் ஒலிப்பதிவாக இருந்தன. கிளவுட் சேமிப்பிலும் ஒரு பிரதி இருந்தது. இரண்டுமே பூட்டப்பட்டிருந்தன. திறக்கும் எண்ணை உஸ்தாத் எவரிடமும் சொல்லவில்லை. எங்கும் எழுதி வைக்கவுமில்லை.

இதற்காக எந்த நிறுவனத்தையும் குறைகூற முடியாது. பூட்டு தன் வேலையைச் சரியாகவே செய்தது. சாவியை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் நாம் ஒருவரும் சிந்திக்கவில்லை. அன்று முதல் மறையாக்கம் எனப்படும் இந்தக் கலையின் வரலாற்றை நாம் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க, அது நமக்கு அந்நியமான வரலாறு அல்ல என்பது விளங்கியது.

நபி (ஸல்) அவர்கள் ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் அண்டை நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடினார்கள். முத்திரையில்லாத கடிதத்தை மன்னர்கள் ஏற்பதில்லை என்று தெரிவிக்கப்பட்டபோது, வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்தார்கள். அதில் ‘முஹம்மத்’, ‘ரஸூல்’, ‘அல்லாஹ்’ என்ற மூன்று சொற்கள் மூன்று வரிகளாகப் பொறிக்கப்பட்டன. அதே வாசகத்தை வேறு எவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் தடுத்தார்கள். கடிதம் உரியவரிடமிருந்துதான் வந்தது என்பதற்கு அந்த முத்திரை சான்று; போலி ஒன்று உருவாகிவிட்டால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை. இன்று நம் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணும் இதே கேள்விக்குத்தான் விடை தேடுகிறது: நீங்கள் உண்மையில் நீங்கள்தானா?

அந்த மோதிரம் நபி (ஸல்) அவர்களுக்குப் பின் அபூபக்ர் (ரலி) அவர்களிடமும், பிறகு உமர் (ரலி) அவர்களிடமும், அதன் பின் உஸ்மான் (ரலி) அவர்களிடமும் இருந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் ஆரிஸ் கிணற்றின் விளிம்பில் அமர்ந்திருந்தபோது அது நழுவி நீருக்குள் விழுந்தது. மூன்று நாட்கள் தேடினார்கள், நீரை இறைத்தும் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. புகாரியில் பதிவாகியுள்ள இந்த நிகழ்வை நாம் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். உஸ்தாதின் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த அந்த மாலையில்தான் அதன் கனம் நமக்குப் புரிந்தது. பல கைகளைப் பத்திரமாகக் கடந்து வந்த பொருள் ஒரு கணத்தில் கை நழுவிப் போகலாம்.

முத்திரை அனுப்பியவரை அடையாளம் காட்டும். செய்தியையே மறைக்கும் கலை வேறு. அக்கலையை அறிவியலாக வளர்த்தவர்களும் நம் முன்னோர்களே. அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவரும், ‘கிதாபுல் ஐன்’ என்ற அகராதியைத் தொடங்கியவருமான கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்களை மதரஸா மாணவர் அனைவரும் அறிவர். கி.பி. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் மறைமொழி குறித்தும் ஒரு நூல் இயற்றினார். கிரேக்கத்தில் எழுதப்பட்ட மறைகடிதம் ஒன்றை அவர் விடுவித்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். கடிதம் இறைவனின் பெயரால்தான் தொடங்கியிருக்கும் என ஊகித்து, அந்த ஊகத்தைத் திறவுகோலாகக் கொண்டு மற்ற எழுத்துகளைக் கண்டறிந்தாராம்.

அடுத்த நூற்றாண்டில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவோடு தொடர்புடைய அல்கிந்தி அவர்கள் அந்த ஊகத்தை ஒரு முறையாகவே வளர்த்தார்கள். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும். சில அரிதாக வரும். அரபியில் அலிஃபும் லாமும் மிகுதி. மறைகடிதத்தில் எந்தக் குறி அதிகம் வருகிறதோ, அது அம்மொழியில் அதிகம் வரும் எழுத்தாக இருக்கக்கூடும். இப்படி எண்ணிக்கையைக் கொண்டே பூட்டைத் திறக்கும் வழியை விளக்கிய, நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் மிகப் பழமையானது அவருடையதே. நெடுங்காலம் அறியப்படாதிருந்த அந்தச் சுவடி இஸ்தான்புல்லில் கண்டெடுக்கப்பட்டு 1980களில்தான் உலகின் பார்வைக்கு வந்தது. மறைகுறியைச் சுட்டும் ‘சைஃபர்’ என்ற ஐரோப்பியச் சொல்லும், சுழியைக் குறிக்கும் ‘ஸிஃப்ர்’ என்ற நம் அரபுச் சொல்லின் வழித்தோன்றலே.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் நம் பாட்டிமார்கள் சரளமாக வாசித்த எழுத்து. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் ‘மகானீ’ போன்ற நூல்கள் அந்த எழுத்தில்தான் வீடுகளை அடைந்தன. எதையும் ஒளிப்பதற்காக உருவான எழுத்தல்ல அது. ஆயினும் இன்று நம் வீட்டுப் பரணில் கிடக்கும் அந்நூல்களை நம் பிள்ளைகளால் வாசிக்க முடியவில்லை. பூட்டாமலே பூட்டிக்கொண்ட பெட்டகம் அது. நாம் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க மறந்தது சாவியைத்தான்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூட்டின் இயல்பே மாறியது. அதுவரை அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே சாவியை முன்கூட்டியே இரகசியமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், அறிமுகமில்லாத இருவர் எல்லோரும் பார்க்கும் வழியில் செய்தி பரிமாறியே ஒரு பொது இரகசியத்தை உருவாக்கிக்கொள்ள முடியும் எனக் கணிதத்தால் காட்டினர். அந்த அடித்தளத்தின் மீதே முனைக்கு முனை மறையாக்கம் எழுந்தது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் அதைத் தன் பயனர் அனைவருக்கும் முழுமையாக வழங்கியது. ஆனால் அச்செய்திகளின் காப்புப்பிரதி கிளவுடில் அதே பாதுகாப்பின்றியே கிடந்தது. அதற்கும் பூட்டுப் போடும் வசதி 2021 அக்டோபரில்தான் வந்தது: கடவுச்சொல் ஒன்றை வைக்கலாம், அல்லது 64 இலக்கச் சாவியைப் பெறலாம். இரண்டையும் தொலைத்தால் அந்த நிறுவனத்தாலும் அந்தப் பிரதியைத் திறந்துதர இயலாது.

2022 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் கிளவுடில் உள்ள படங்கள், குறிப்புகள், காப்புப்பிரதிகள் ஆகியவற்றுக்கும் இத்தகைய மேம்பட்ட பாதுகாப்பை அறிவித்தது. அடுத்த மாதமே அது பிற நாடுகளுக்கும் வந்தது. இதை இயக்க முயலும் குடும்பங்கள் பல நடுவழியில் நின்றுவிடுகின்றன. நம்மிடம் கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் விளக்கத்தை இங்கும் தருகிறோம்.

இந்தப் பாதுகாப்பை இயக்கியதும் சாவிகள் நிறுவனத்தின் கணினிகளிலிருந்து நீக்கப்பட்டு, உங்கள் கருவிகளில் மட்டுமே தங்கும். உங்கள் கணக்கில் பழைய மென்பொருளோடு ஒரு கருவி இருந்தால், ஏதோ பழுது நேர்ந்துவிட்டது என்றெண்ணி அது சாவியை மீண்டும் நிறுவனத்தின் கணினிக்கே அனுப்பிவிடக்கூடும். எனவே ஒரே ஒரு கருவி பழையதாக இருந்தாலும் அந்தக் கணக்கு முழுவதற்கும் அனுமதி மறுக்கப்படும். இது கோளாறு அல்ல, காவல். ஒன்பது கதவுகளைத் தாழிட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பவர் உண்டா?

ஆகவே முதலில் கணக்கின் கீழுள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த பழைய டேப்லெட், விற்றுவிட்ட கைப்பேசி, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகிவிட்ட கடிகாரம் என மறந்துபோன ஏதோ ஒன்று அங்கே இருக்கும். புதுப்பிக்கக்கூடியதைப் புதுப்பியுங்கள். புதுப்பிக்க முடியாததையும் கையில் இல்லாததையும் கணக்கிலிருந்து நீக்குங்கள். அதற்கு முன் அதிலுள்ள படங்களை வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். கருவியில் திறப்பு எண்ணும், கணக்கில் இருபடிச் சரிபார்ப்பும் இருத்தல் வேண்டும். கருவியைப் புதிதாகச் சேர்த்திருந்தால் சில காலம் காத்திருக்கச் சொல்லக்கூடும், பொறுத்திருங்கள். சிறுவர்களுக்கான கணக்குகளில் இவ்வசதி இல்லை. இயக்கிய பிறகும் மின்னஞ்சல், தொடர்பு எண்கள், நாட்காட்டி ஆகிய மூன்றும் இந்தப் பூட்டுக்குள் வராது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒரு மீட்புத் தொடர்பாளரை நியமிக்குமாறோ, மீட்புச் சாவியை எழுதிக்கொள்ளுமாறோ கேட்கும். பலர் அவசரத்தில் கடந்துபோகும் இடம் இதுதான். மீட்புச் சாவியைத் தாளில் எழுதுங்கள். அதை அதே கைப்பேசியில் படமாக எடுத்து வைப்பது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பானது.

“ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்குப் பூட்டு எதற்கு?” என்று சிலர் கேட்பர். பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை ஸூரத்துல் ஹுஜுராத் தடை செய்கிறது. பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று, ஸலாம் சொன்ன பின்னரே நுழைய வேண்டும் என ஸூரத்துந் நூர் கற்பிக்கிறது. குற்றவாளியின் வீட்டுக்கு மட்டும் உரிய சட்டமல்ல அது. ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய கண்ணியம். நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். எனினும் இந்த உரிமை என்றும் நிலைத்திருக்கும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பிரித்தானிய அரசு தரவுகளைத் திறக்க வழி கேட்டு ஆணையிட்டதாகச் செய்தி வெளியானதைத் தொடர்ந்து, 2025 பிப்ரவரியில் ஆப்பிள் அந்நாட்டின் புதிய பயனர்களுக்கு மேற்கூறிய பாதுகாப்பை வழங்குவதை நிறுத்திக்கொண்டது. பூட்டுக்கும் அதிகாரத்துக்கும் இடையிலான வழக்கு இன்னும் முடியவில்லை.

பூட்டுப் போடுவது அமானிதத்தில் பாதி. சாவியை உரியவரிடம் சேர்ப்பது மறுபாதி. வஸிய்யத் செய்வதற்குரிய பொருள் தம்மிடம் உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கடனும் நிலமும் மட்டுமா அப்பொருள்? ஓர் ஆலிமின் பாடங்கள், ஒரு தாயின் குரல், பேரப்பிள்ளையின் முதல் ஓதல் ஆகியவையும் விட்டுச்செல்லும் பொருள்கள் அல்லவா? ஒருவரது மறைவுக்குப் பின் கணக்கைத் திறக்க வாரிசுத் தொடர்பாளரை நியமிக்கும் வசதியை ஆப்பிள் 2021இலேயே தந்துவிட்டது. நீண்ட நாள் பயன்படுத்தாத கணக்கின் தரவுகளை நாம் குறிப்பிடும் நபரிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை கூகுள் 2013 முதல் வைத்துள்ளது. இவற்றை அமைக்கப் பத்து நிமிடம் போதும்.

உஸ்தாதின் ஒலிப்பதிவுகள் இன்றும் திறக்கப்படவில்லை. அவரிடம் ஓதியவர்கள் ஒவ்வொருவரும் தம் நினைவில் உள்ள பாடங்களை இப்போது நம் மதரஸாவில் கூடி எழுதிவருகிறோம். நாமும் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, வஸிய்யத் பத்திரத்தோடு சேர்த்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டோம். இன்று இஷாவுக்குப் பின் உங்கள் வீட்டிலும் குடும்பமாக அமர்ந்து இதைச் செய்யுங்கள். மர்ஹூம் உஸ்தாத் அவர்களுக்காக துஆவும் செய்யுங்கள். அல்லாஹ் அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக; நம் அமானிதங்களைப் பேணும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.