பூனா ஒப்பந்தத்தில் இடைநின்றோர்

பூனா ஒப்பந்தம் என்றவுடன் அண்ணல் அம்பேத்கரும் காந்தியடிகளுமே நம் நினைவுக்கு வருகின்றனர். இருவருக்குமிடையே நின்று சமரசம் பேசிய தேஜ் பகதூர் சாப்ரு, ஜெயகர் ஆகிய சட்ட வல்லுநர்களை நம் இளைஞர்கள் அறிந்திருப்பது அரிது. 1930-லேயே காங்கிரசுக்கும் வைசிராய்க்குமிடையே தூது சென்றவர்கள் இவர்கள்.

1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புத் தீர்ப்பு நமக்குத் தனி வாக்காளர் தொகுதி வழங்கியது. (இன்றைய தனித்தொகுதி வேறு, அங்கு எல்லோரும் வாக்களிப்பர்.) அதனை எதிர்த்துக் காந்தியடிகள் செப்டம்பர் 20-இல் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். சாப்ரு புதுவழி ஒன்று கண்டார். முதலில் நம் வாக்காளர் மட்டும் நால்வரைத் தேர்ந்தெடுப்பர். அந்நால்வருள் ஒருவரை அனைவரும் கூடித் தேர்ந்தெடுப்பர். மாகாண சபைகளில் 71 இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 30. செப்டம்பர் 24-இல் கையொப்பமிட்டோருள் இரட்டைமலை சீனிவாசனாரும் எம். சி. ராஜாவும் இருந்தனர்.

சாப்ருவின் நுண்ணறிவை மறுப்பதற்கில்லை. அண்ணலே அவருக்கு நன்றி கூறினார். ஆயினும் ஓர் உயிரைத் தராசின் ஒரு தட்டில் வைத்தபின், இடைநிற்பவர் நடுநிலையில் நிற்க இயலுமா? மறுதட்டில் இருந்த அண்ணலுக்கு மறுக்கும் உரிமை பெயரளவிலேயே இருந்தது. 1945-இல் எழுதிய நூலில் அவர் அவ்வொப்பந்தத்தைக் கடுமையாகச் சாடினார்.

அந்த முதற்கட்டத் தேர்தலுக்கு விதித்த கெடுவோ பத்தாண்டு. 1950-இன் அரசியலமைப்பில் அதற்கு இடமில்லை. ஒதுக்கிய இடங்கள் மட்டும் நின்றன. நால்வரை நாமே பொறுக்கும் அந்த உரிமை, சாப்ரு தேடித் தந்தது, அத்துடன் போயிற்று.