வில்லும் மரமும்: கூடலூர் ஆகோளை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழர் போர்க்கருவிகளுள் வில்லுக்குரிய இடம் பெரிது. சேரர்க்குரிய இலச்சினை வில்லே; அவர்தம் காசுகளிலும் அது காணப்படுகின்றது. ஆயினும் வில் மரத்தால் ஆயதாகலின் மண்ணுள் நெடுங்காலம் நில்லாது. ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் இரும்பு அம்புமுனைகள் கிடைத்தன. முனை எஞ்சும், வில் எஞ்சாது. எனவே வில்லின் வரலாற்றைக் கல், சொல், மரம் என்னும் மூன்றானும் ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் கல். தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டனர். தமிழ்-பிராமி எழுத்துடைய இவை கிறித்துவுக்கு முற்பட்டன என்பர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட வீரனைக் குறிக்கின்றது. ஆகோள் என்னும் இச்சொல்லே தொல்காப்பியப் புறத்திணையியலில் வெட்சித் துறையாக வருதல் நோக்கத்தக்கது. கூடல் மதுரைக்கும் பெயராதலின், ஈண்டுக் குறித்த ஊர் யாது என்னும் ஐயம் எழும். பேரூரினும் மலையடிவாரத்து மேய்ச்சல் ஊரே நிரைகவர்தற்கு ஏற்றது. ஆகலின் கம்பத்தை அடுத்த கூடலூரே அஃது எனக் கோடல் பொருந்தும்.

இக்கல்லில் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. வீரன் ஏந்திய கருவியை அது காட்டாது. பிற்காலத்துச் செங்கம் நடுகற்களிலோ வீரர் பலர் வில்லும் வாளும் ஏந்தி நிற்கின்றனர். காட்டினுள் மறைந்து நின்று சேய்மையிலிருந்து தாக்குவார்க்கு வில்லினும் ஏற்ற கருவி பிறிதில்லை.

இனிச் சொல். சிலை என்பது ஒரு மரத்தின் பெயர். அம்மரத்தால் ஆகிய வில்லுக்கும் அதுவே பெயராயிற்று. இது கருவியாகுபெயர். கருவி தன் மரத்தின் பெயரையே பெற்றதெனின், வில்லாதற்குரிய மரத்தை நம் முன்னோர் தெரிந்தெடுத்தனர் என்பது பெறப்படும். நாண் பொருந்தும் விற்கோடியின் வெட்டுக்குக் குதை என்று தனிப்பெயர் உண்மையும் தொழிலறிவின் சான்றாம்.

மூன்றாவது மரம். வில்லை வளைக்குங்கால் அதன் புறம் இழுபடும், அகம் நெருக்குண்ணும். புறத்தே மரநார் ஓரிடத்து அறுபடினும் வில் அங்கே முறியும். ஆதலின் கோடி முதல் கோடி வரை நார் நேரே ஓடும் மரம் வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் சடச்சி இத்தகைய மீள்திறன் உடையது. மூங்கிலும் அன்னதே. இவை கிடைக்கும் மலைச்சாரலில் ஆளுயர வில்லை ஒரே கோலால் ஆக்குதல் எளிது.

நெடுமரம் கிடையாவிடத்துச் செய்வது யாது? தச்சுப்பட்டறையில் எஞ்சும் குறும்பலகைகளில் ஆறடிக்கு நேர்நார் காண்டல் அரிது, மூன்றடிக்குக் காணலாம். எனவே இக்காலத்து வில்வினைஞர் இரு குறும்பலகைகளை இரு கைகளாகச் சீவி, நடுவிலுள்ள பிடியில் இணைக்கின்றனர். பிடி தடித்து வளையாது நிற்பதாகலின் இணைப்பு அங்கே அமைதலே முறை. உலக்கைக்குப் பூண் இடுமாறு உலோகப் பூணுள் இரு முனைகளையும் செறிப்பதும் உண்டு. பின்னர்க் கழற்றி எடுத்துச் செல்லலாம். இது முற்றிலும் புதிய கருத்தன்று. முகலாயர் காலந்தொட்டு இந்தியாவில் வழங்கிய எஃகு விற்களுள் சில, பிடியில் திருகிக் கழற்றுமாறு அமைந்தவை.

ஆகவே, ஒரே கோலால் ஆகிய வில்லைப் பழமை என்றும், இணைப்பு வில்லைத் திருந்திய வளர்ச்சி என்றும் கொள்ளுதல் பிழையாம். காடு அணிமையில் உள்ளான் முழுமரத்தை வளைத்தான். பலகைத் துண்டே உடையான் அதனை இணைத்தான். இருவர்க்கும் மரநாரின் இயல்பே இலக்கணம். கூடலூர் ஆகோளை உரைக்கும் கல்லை எழுத்தாராய்ச்சியோடு நிறுத்தாது, அம்மலைச்சாரல் மரங்களையும் அவற்றின் வழக்குப் பெயர்களையும் உடன் தொகுத்து ஆராய்தல் தமிழாய்வாளர் கடனாம்.