இரவல் சின்னம்

அத்திப்பட்டு அடங்கிய பொன்னேரி தனித்தொகுதியில் நமக்குப் பழகிய கேள்விதான்: கூட்டணிக்கு விழுந்த வாக்கில் சேரியின் பங்கு எவ்வளவு? நியூயார்க்கில் ஒரே வேட்பாளரின் பெயர் பல கட்சிகளின் வரிசையில் அச்சாகும். கட்சிவாரியாக எண்ணி, பிறகு கூட்டுவார்கள். இங்கே வேட்பாளருக்கு ஒரே சின்னம். 2001இல் தொல். திருமாவளவன் மங்களூரில் உதயசூரியனில் வென்றார். வாக்கெல்லாம் திமுக கணக்கு. 2004இல் பதவி விலகினார். 2019இல் சிதம்பரத்தில் தனிச் சின்னமான பானையில் நின்று 3,219 வாக்கில்தான் தப்பினார். விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்ற ரவிக்குமாருக்கோ ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசம். ஆனால் மக்களவைப் பதிவேட்டில் அவர் திமுக உறுப்பினர். இரவலுக்குக் கொடுத்த விலை அது. 2024இல் இருவருமே பானையில் வென்றார்கள். அதிலும் கூட்டணி வாக்கு கலந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு விசிகவின் பெயரில் ஏறியது. மாநிலக் கட்சி அங்கீகாரம் அதன் பிறகே வந்தது.